திருக்குறுங்குடியிலிருந்து புறப்பட்ட வண்டி

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவர் ஒருவர்)

டி.வி.எஸ். என்றதும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவது மொபெட்தான். பின்னால் பால்கேன் கட்டிக்கொண்டோ, வாழைத்தார் கட்டிக்கொண்டோ, மொத்தக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டோ தாமிரபரணிக் கரை வாய்க்கால் பாதைகளில் ஓடுகிற அந்தச் சின்ன வண்டி. ஆனால் அந்த மூன்று எழுத்தில் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்று போன வருஷம் ஒர்க்‌ஷாப்பில் சார் கேட்டபோது நாங்கள் நாற்பது பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தோம். களக்காட்டுப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற நண்பன் ஒருவனுக்குக்கூடத் தெரியவில்லை. அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் அது! டி என்றால் திருக்குறுங்குடி.

நெல்லையிலிருந்து தெற்கே நாங்குநேரி, ஏர்வாடி வழியாகப் போனால் நாற்பது சொச்சம் கிலோமீட்டரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். நம்பியாற்றின் தண்ணீர், வயல், வாழை, நடுவில் அழகிய நம்பி கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அந்தக் கோயிலில் கைசிக ஏகாதசி இரவில் ஒரு நாடகம் போடுவார்கள். நம்பாடுவான் என்கிற பக்தன் கோயிலுக்குப் பாடப் போகிற வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறது. பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். பாடி முடித்துச் சொன்னபடியே திரும்பியும் வருகிறான். போனவன் சொன்ன நேரத்துக்குத் திரும்புவானா என்பதுதான் அந்தக் கதையின் உயிர். பஸ் நடத்துகிறவர்களுக்கு ரொம்பப் பொருத்தமான கதை என்று எனக்குத் தோன்றும். சிரிக்காதீர்கள், மேலே படியுங்கள்.

அந்த ஊரில் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பிறந்தவர்தான் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னால்தான், 1876-இல், திருநெல்வேலிக்கு ரயில் வந்திருந்தது. அந்த ரயில் மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு வரவில்லை. அங்கே மாட்டு வண்டிதான், இல்லாவிட்டால் கால்நடைதான். சுந்தரத்தை வக்கீலாக்கிப் பார்க்க வேண்டும் என்று தகப்பனாருக்கு ஆசை. அந்தக் காலத்தில் படித்த பிராமணக் குடும்பத்துப் பிள்ளைக்கு வக்கீல் உத்தியோகம், சர்க்கார் உத்தியோகம் என்று இரண்டே பாதைதான். அவரும் வக்கீலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார், அதற்கப்புறம் ஒரு பாங்கில். எல்லாம் நல்ல வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அதையெல்லாம் விட்டுவிட்டு, முப்பத்து நாலு வயதில், 1911-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1912-இல் மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார்.

இப்போது இது நமக்குப் பெரிய சங்கதியாகத் தெரியாது. கடன் வாங்கினால் யாரும் வண்டி வாங்கலாம், ரிப்பேர் ஆனால் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கிறார். 1912-ஐ நினைத்துப் பாருங்கள். மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் ஜமீன்தார்களும் வெள்ளைக்காரர்களும்தான். ஒரு போல்ட் தேய்ந்துபோனால் அது கப்பலில் வர வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. பாலிடெக்னிக் என்ற பேரையே இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை. ரோடு என்பது சரளையும் செம்மண்ணும். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சகதி. இதற்கு நடுவில், சம்சாரிகளும் வியாபாரிகளும் டிக்கெட் வாங்கி ஏறுகிற மாதிரி, குறித்த நேரத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக் குறித்த நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்பது சாதாரணக் காரியம் இல்லை.

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இன்னொரு கதையும் உண்டு. மாட்டு லாடத்திலிருந்து விழுகிற ஆணிகள் ரோடு முழுக்கக் கிடந்து டயரைப் பதம் பார்க்குமாம். அதற்காகக் காந்தம் பூட்டி ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்தாராம் ஐயங்கார். அடுத்தவன் ரோட்டில் கிடக்கிற ஆணிக்கு நான் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடாமல், பஞ்சர் எங்கே பிறக்கிறது என்று தேடிப் போன புத்தி அது. நம் பாஷையில் சொன்னால் தடுப்புப் பராமரிப்பு. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி, ஞாபகம் இருக்கிறதா?

இங்கே கொஞ்சம் எஞ்சின் பக்கம் போய்விட்டு வருகிறேன். அவருடைய காலத்தை எஞ்சின் வழியாகப் பார்த்தால்தான் அவர் பட்ட பாடு புரியும்.

1912-இல் எந்த மோட்டார் எஞ்சினிலும் இன்றைக்கு நாம் சொல்லுகிற ஆயில் ஃபில்டர் கிடையாது. இருந்தால் கம்பி வலை ஸ்ட்ரெயினர், அவ்வளவுதான். அது கல்லையும் பெரிய துகளையும் நிறுத்தும், மாவு மாதிரித் தேய்ந்த இரும்புத் தூளை நிறுத்தாது. உலகம் முழுக்க ஓடிய ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பே இல்லை. ஃப்ளைவீல் சுற்றுகிற சுற்றில் ஆயில் வாரி இறைக்கப்பட்டு, குழாய் வழியாக முன்னால் வழிந்து வரும். ஏர் ஃபில்டரும் சரியாக இல்லாத காலம். ரோட்டுப் புழுதி கார்புரேட்டர் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகும், அங்கேயிருந்து ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். அந்த ஆயில் பேரிங்குக்குப் போகும். மணல் கலந்த மாவை அம்மியில் வைத்து அரைத்தால் அம்மிக்கு என்ன ஆகுமோ அதுதான் பேரிங்குக்கும். இதற்கு ஒரே வைத்தியம், ஆயிரம் மைல் ஓடுவதற்குள் ஆயிலை மாற்றிவிடுவது, எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை மைல் ஓடியது என்று கணக்கு வைக்க வேண்டும். அன்றைக்குப் பஸ் கம்பெனி நடத்தியவர் ஒழுங்கானவராக இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் எஞ்சினெல்லாம் இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

1923-இல்தான் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் ஆயில் ஃபில்டருக்கு வழி கண்டார். பியூரோலேட்டர் என்று பேர் வைத்தார்கள். 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில் அது பொருத்தப்பட்டது. அதுவும் பை-பாஸ் ஃபில்டர். பம்பிலிருந்து வருகிற ஆயிலில் ஒரு சிறு பங்கு மட்டும் ஃபில்டருக்குள் போய்ச் சுத்தமாகி சம்ப்புக்குத் திரும்பும், மிச்சமெல்லாம் அப்படியே பேரிங்குக்குப் போகும். எல்லா ஆயிலும் ஃபில்டர் வழியாகவே போகிற ஃபுல் ஃப்ளோ முறை 1940-களில்தான் பரவியது. டப்பா மாதிரிக் கையால் திருகி மாட்டுகிற ஸ்பின்-ஆன் ஃபில்டர் 1950-களின் நடுவில் வந்தது. அதாவது சுந்தரம் ஐயங்காரின் தொழில் வாழ்க்கை முழுக்க, ஃபில்டரே இல்லாத எஞ்சினில் ஆரம்பித்து, இன்றைய ஃபில்டர் பிறக்கிற நேரத்தில் முடிகிறது.

ஃபில்டர் என்ற தத்துவம் நம் ஊர்க்காரனுக்குப் புதிசு இல்லை. கோடையில் தாமிரபரணியில் தண்ணீர் கலங்கலாக ஓடும்போது பெண்கள் ஆற்றோரம் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். அதில் ஊறி வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மணல் தடுக்க வேண்டியதைத் தடுத்து, விட வேண்டியதை விடுகிறது. மணல் ரொம்பப் பொடியாக இருந்தால் ஊற மணிக்கணக்காகும், பரல் மணலாக இருந்தால் கலங்கலும் சேர்ந்து வரும். எந்த இடத்தில் தோண்டுவது என்பதில்தான் அந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனம். ஆயில் ஃபில்டரில் காகித மடிப்பைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கும் இதே பிரச்சினைதான். தலைமுடியின் கனம் எழுபது மைக்ரான் போல இருக்கும். சாதாரண ஃபில்டர் இருபது, முப்பது மைக்ரான் துகளை நிறுத்துகிறது. இன்னும் பொடியாக நிறுத்துகிறேன் என்று போனால் ஆயில் போக வழி இருக்காது.

இந்தச் சல்லடைப் பிரச்சினை ஐயங்காரின் வாழ்க்கையில் வேறு உருவத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது. பஸ் கம்பெனிகளுக்கு ரேஷன். சென்னை மாகாணத்தில் எத்தனையோ வண்டிகள் ஷெட்டிலேயே நின்றன. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அந்த வயதில்தான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றை உருவாக்கித் தயாரிக்க ஆரம்பித்தார். பெட்ரோலுக்குப் பதில் கரி!

கரி வாயு வண்டியைப் பார்த்தவர்கள் இப்போது அநேகமாக இல்லை. வண்டியோடு ஒரு பெரிய உருளை அடுப்பை மாட்டியிருப்பார்கள். அதில் கரியைப் போட்டுப் பற்ற வைத்து, காற்றைக் குறைவாக விட்டால், கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஈரம் இருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். காற்றிலிருந்து வந்த நைட்ரஜன்தான் அதில் பாதிக்கு மேல், அது எரியாது. ஆகவே பெட்ரோலில் ஓடுகிற அதே எஞ்சின் கரி வாயுவில் ஓடினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி குறைந்துவிடும். மேட்டில் முக்கும், முனகும். புறப்படுவதற்கு முன்னால் கிளீனர் வந்து ஊதுவிசிறியைச் சுற்றி அடுப்பை மூட்டி, வாயு சரியாக வருகிற வரை காத்திருக்க வேண்டும். அது விஷ வாயு வேறு, மூடிய ஷெட்டுக்குள் மூட்டினால் ஆளைக் கொன்றுவிடும்.

இதில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு இடத்தில் தவறினால் மொத்தமும் போச்சு. அது ஃபில்டர். அடுப்பிலிருந்து வருகிற வாயுவில் சாம்பலும் கரித்தூளும் பறந்து வரும். அதைச் சுழலவிட்டுக் கனமான தூளைக் கீழே விழச் செய்து, குளிரவைத்து, துணி, நார் மாதிரியான சல்லடைகளில் வடிகட்டி, அப்புறம்தான் எஞ்சினுக்குள் விட வேண்டும். சாம்பலில் மணல் சத்து இருக்கிறது. அது உள்ளே போனால் சிலிண்டர் தேயும், ரிங் தேயும், ஆயில் மை மாதிரிக் கறுத்துப்போகும். வாயு சூடாக வந்தால் துணி கருகிவிடும். குளிர்ந்து ஈரமாக வந்தால் துணி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு வாயு போதாது. சலித்துக்கொண்டு துணியைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி அன்றைக்கு ஜோராக ஓடும். ஒரு மாதத்தில் எஞ்சின் போய்விடும். தினமும் அதைத் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டுகிற கிளீனர் பையன் கையில்தான் அந்த எஞ்சினின் ஆயுசே இருந்தது. அந்தப் பையன்களின் பேரை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது குறைதான்.

இதை எழுதும்போது என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சம்தான்.

போன கோடை விடுமுறையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். அங்கே ஒரு வேன் ஆயில் சர்வீசுக்கு வந்தது. ஓட்டுகிற அண்ணாச்சிக்கே சொந்த வண்டி, கடனில் வாங்கினது. காலையில் ஸ்கூல் பிள்ளைகள், முகூர்த்த நாளில் கல்யாண வீடு. மேஸ்திரி வேறு வேலையில் இருந்ததால் ஃபில்டரை மாற்றுகிற வேலையை என்னிடம் விட்டார். எனக்கு ஒரே பெருமை. பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புதுசை மாட்டினேன், நல்லா இறுகட்டும் என்று பெல்ட் ரெஞ்சு போட்டு இன்னொரு இழுப்பும் இழுத்தேன். எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அண்ணாச்சி எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நாங்குநேரி தாண்டுவதற்குள் ஆயில் லைட் எரிந்திருக்கிறது. வண்டி நிறையப் பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று அவர் ஓட்டியிருக்கிறார். அதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்தபோது மேஸ்திரி ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பழைய ஃபில்டரின் ரப்பர் கேஸ்கட் எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் மேலேயே நான் புதுசை மாட்டியிருக்கிறேன். இரண்டு ரப்பர். ஐடிலிங்கில் நின்றது, ரோட்டில் ஆயில் பிரஷர் மூணு, நாலு கிலோ ஏறினதும் ஒரு ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. ஆயில் முழுக்க ரோட்டில். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் எல்லாம் தகடு மாதிரி உரிந்து போயிருந்தன.

பன்னிரண்டு நாள் வண்டி நின்றது. செலவில் பாதியை ஒர்க்‌ஷாப் முதலாளி ஏற்றுக்கொண்டார். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை ஏற்றிப் போக வேறு வண்டிக்கு அவர் கைக்காசு கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பயிற்சி முடிந்த பிறகும் நான் தினமும் போய் அந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கிற வேலையில் நின்றேன்.

ஆகவே நண்பர்களே, பட்டவன் சொல்கிறேன். பழைய ஃபில்டரைக் கழற்றினதும் முதலில் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் அதிலேயே வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் எஞ்சினில் இருக்கிறது, எடுங்கள். எஞ்சின் முகத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள். புது ரப்பரில் விரலால் புது ஆயில் தடவுங்கள், காய்ந்த ரப்பர் திருகும்போது மடங்கும். ஃபில்டர் வாய் மேலே பார்த்து உட்காருகிற எஞ்சினாக இருந்தால் முதலிலேயே கொஞ்சம் ஆயிலை ஊற்றி மாட்டலாம். கையால் திருகி, ரப்பர் முகத்தைத் தொட்டதும் அங்கேயிருந்து முக்கால் சுற்று. டப்பா மேலேயே எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதன்படி. ரெஞ்சு கழற்றுவதற்குத்தான், மாட்டுவதற்கு இல்லை. ஸ்டார்ட் செய்ததும் சில விநாடியில் ஆயில் லைட் அணைய வேண்டும், அதுவரை ஆக்சிலேட்டரைத் தொடக்கூடாது. ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கீழே குனிந்து கசிவு பாருங்கள். நிறுத்தி, ஆயில் இறங்க நேரம் கொடுத்து, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கிறதிலும் ஏமாறுகிற இடம் உண்டு. கடையில் இரண்டு ஃபில்டர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்குப் பதினாறு புரி. இன்னொன்று இருபது மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் புரி. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். இருபது மில்லிமீட்டர் ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில் மாட்டினால் லொடலொடவென்று ஏறி, இறுகினது போலவும் காட்டும். பிரஷர் ஏறும்போது பிய்த்துக்கொண்டு போகும். வெளியே தெரியாத விஷயம் இன்னும் இரண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும், குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலும் பேரிங்குக்கு ஆயில் போக வழிவிடுகிற பை-பாஸ் வால்வு ஒன்று. அழுக்கு ஆயில் போனாலும் பரவாயில்லை, ஆயிலே இல்லாமல் ஓடக்கூடாது என்பது அதன் கணக்கு. எந்தப் பிரஷரில் அது திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். இன்னொன்று எஞ்சின் நின்ற பிறகு ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்துபோகாமல் தடுக்கிற ரப்பர் மடல். படுக்கை வசமாகவோ தலைகீழாகவோ ஃபில்டர் மாட்டுகிற எஞ்சினில் இது இல்லாவிட்டால் தினமும் காலையில் வறட்சியாக ஸ்டார்ட் ஆகி கடகடவென்று சத்தம் போடும். எனவே அளவு சரியாக இருக்கிறது என்று கையில் கிடைத்ததை மாட்டாதீர்கள். வண்டிக் கையேட்டில் சொன்ன எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாற்பது, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போலி டப்பா வாங்கினால் உள்ளே காகிதம் பாதிதான் இருக்கும்.

ஐயங்காரிடம் திரும்புகிறேன். பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. வண்டி ஓட வேண்டுமானால் உதிரி பாகம் வேண்டும், தேய்ந்த டயரை மறுபடி ஓட்ட வழி வேண்டும், விற்கவும் சர்வீஸ் செய்யவும் இடம் வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாக டயர் ரீட்ரெடிங், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று வளர்ந்தது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு நாட்டிலேயே பெரிய விநியோகஸ்தர்களாக அவர்கள் இருந்தார்கள். பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பேரில் ஓடின.

அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் ஐந்து பிள்ளைகள், மூன்று பெண்கள். பிள்ளைகளைத் தொழிலில் வைத்துப் பழக்கி, சீக்கிரமே பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முதலாளிகள் சாகிற வரை சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைகளில் டி. எஸ். சந்தானம் 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸை ஆரம்பித்தார். லாரி வாங்க ஆசைப்பட்ட டிரைவர்களுக்குக் கடன் கிடைக்க அது ஒரு வழியானது.

ஆனால் அவர் வாழ்க்கையில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது பெண் விஷயம்தான். மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, டாக்டரான கணவரை இளம் வயதிலேயே இழந்துவிட்டார். அன்றைய ஆசாரக் குடும்பத்தில் அத்தோடு அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு மூலையில் முடிந்துபோயிருக்கும். சௌந்தரம் அப்படி மூலையில் உட்காரவில்லை. டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1936-இல் டாக்டரானார். 1940-இல் காந்தியடிகளின் சீடரான கேரளத்து ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். விதவை மறுமணம், அதுவும் ஜாதி விட்டு. 1947-இல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். பின்னால் சௌந்தரம் மத்தியில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். திருக்குறுங்குடியில் பிறந்த அந்தத் தகப்பனாருக்கு உறவிலும் ஊரிலும் என்னென்ன பேச்சு வந்திருக்கும்! கோயில் வாசலில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்! பஸ் ஓட்ட எடுத்த துணிச்சலைவிட இது பெரிசு என்பது என் அபிப்பிராயம். எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, எழுபத்தெட்டாவது வயதில் காலமானார். அதற்குப் பிறகுதான் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று 1960-களில் உதிரி பாகத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. போல்ட்டுக்குக் கப்பலை எதிர்பார்த்த காலம் முடிந்தது. நாம் பார்க்கிற மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது, அது பேரன் காலம்.

பஸ்கள் என்னவாயின? 1972-இல் அரசுடைமையானபோது மதுரை டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உண்டானது. அதிலிருந்து 1974-இல் நெல்லைக்கென்று பிரிந்தது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997-இல் தலைவர்கள் பேரெல்லாம் எடுக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றானது. ஆக, களக்காட்டு நண்பன் தினமும் தொங்கிக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. போய்ச் சேர்கிற முதல் பேர் அவன் பக்கத்து ஊர்க்காரர்.

போன மாதம் நாங்கள் நாலு பேர் திருக்குறுங்குடிக்குப் போயிருந்தோம். கோயிலைச் சுற்றிப் பார்த்தோம், ஆற்றில் கால் நனைத்தோம், கடைத்தெருவில் டீ குடித்தோம். திரும்பி வருகிற வழியில் நாங்குநேரியில் அந்த வேன் அண்ணாச்சி எங்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது, ஆயில் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நீயே மாற்றிக் கொடு என்றார். ஃபில்டரை அவரே வாங்கி வைத்திருந்தார். பழையதைக் கழற்றி, அதன் ரப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதுசைத் திருக ஆரம்பித்தேன்.